பாலுக்கும் புல்லுக்கும் இடையில்

முயல் வளர்ப்பில் குட்டிச் சாவு இரண்டு பருவங்களில் நேர்கிறது. ஈன்ற முதல் வாரத்தில், ரோமம் முளைக்காமலும் கண் திறவாமலும் கிடக்கும் குட்டிகள் குளிரினாலோ, பால் கிடைக்காமையினாலோ, தாயின் காலடியில் நசுங்கியோ இறந்துபோவது முதலாவது. அதன் காரணம் பெரும்பாலும் கண்ணெதிரே தெரிவதால், ஈனும் பெட்டியைச் சீர்படுத்தி, உலர்ந்த நார் பரப்பி, மிகையான குட்டிகளை இரண்டு மூன்று நாட்களுக்குள்ளாகவே வேறொரு தாயிடம் சேர்ப்பித்து அதை வெகுவாகக் குறைத்துவிட முடிகிறது. இரண்டாவது சாவு அத்தகையதன்று. நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள், மினுமினுத்த ரோமத்தோடும் உருண்ட உடலோடும் துள்ளிக்கொண்டிருந்த குட்டி, ஒருநாள் மாலையில் தீவனத்தை மோந்துவிட்டு விலகி, மூலையில் முதுகை வளைத்து உட்கார்ந்து, பற்களை நறநறவென்று கடித்து, வயிறு ஊதி, மறுநாளோ அதற்கடுத்த நாளோ மாண்டுபோகிறது. கூடப் பிறந்தவற்றில் வேறு இரண்டொன்றும் அதைப் பின்தொடர்கின்றன. தாயைப் பிரிந்து சில நாட்களுக்குள் இது நேர்வதால், "தாயை நினைத்து ஏங்கிச் செத்தது" என்று வீட்டார் சொல்வதுண்டு. ஏக்கம் என்ற விளக்கத்தை விஞ்ஞானம் ஏற்பதில்லையாயினும், பிரிவுக்கும் சாவுக்கும் சம்பந்தம் உண்டென்ற அவர்களுடைய அவதானம் பிழையன்று. அச்சம்பந்தம் யாது என்பதைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சிகளையும், அவற்றால் எழுந்த அபிப்பிராய பேதங்களையும், நம் நாட்டுக் கூண்டுகளுக்கு அவற்றில் எவை பொருந்தும் என்பதையும் இங்கே பார்ப்போம்.

தாயின் சுபாவத்திலிருந்து தொடங்குவது முறை. பசுவும் ஆடும் போலப் பலமுறை பாலூட்டும் வழக்கம் முயலுக்கு இல்லை. நாளுக்கு ஒரே ஒரு முறை கூட்டுக்குள் நுழைந்து, மூன்று முதல் ஐந்து நிமிஷங்களுக்குள் எல்லாக் குட்டிகளுக்கும் ஊட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் வெளியேறிவிடும். இதை 1965 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கவனித்து எழுதினார்கள். தாய் குட்டிகளை அணுகவேயில்லை என்று பயந்து புதிதாக முயல் வளர்ப்பவர்கள் பசும்பாலைச் சொட்டுச் சொட்டாகப் புகட்ட முற்படுவது இதை அறியாமையால்தான். ஒரு வேளைப் பாலைக் கொண்டு இருபத்துநாலு மணி நேரம் உயிர் தாங்க வேண்டுமென்பதனால் அப்பால் மிகச் செறிவானது. கொழுப்பு 12 முதல் 15 சதவீதமும், புரதம் 10 முதல் 13 சதவீதமும், பால்சர்க்கரையோ இரண்டு சதவீதத்துக்கு உட்பட்ட அளவிலும் அதில் இருக்கின்றன. ஐம்பது அறுபது கிராம் எடையோடு பிறக்கும் குட்டி ஒரே வாரத்தில் இரட்டிப்பாவது இதன் பயனே. பால் சுரப்பு மூன்றாவது வாரத்தில் உச்சத்தை அடைந்து, பிறகு இறங்குகிறது. ஈன்றவுடனே தாய் மறுபடியும் சினைப்பட்டிருந்தால் அது விரைந்து வற்றிவிடும். சினைக்காலம் 31 நாட்களே ஆகையால், இயற்கையில் அடுத்த ஈற்று நெருங்கும்போது முந்தின ஈற்றின் பால்குடி தானாகவே முடிந்துவிடுகிறது.

இப்பாலுக்கு உணவு என்பதற்கு மேற்பட்ட ஒரு குணமும் உண்டு. பால் குடிக்கும் முயல் குட்டியின் இரைப்பையைத் திறந்து பார்த்தவர்கள், மற்றப் பிராணிகளின் குட்டிகளில் திரளாகக் காணப்படும் கிருமிகள் அங்கே ஏறக்குறைய இல்லாதிருப்பதைக் கண்டு வியந்தார்கள். 1960களில் இங்கிலாந்தில் வில்லியம்ஸ் ஸ்மித் என்பவர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1966 இல் அவரும் கான்யாஸ் ரோட்ரிகஸும் அதன் காரணத்தை வெளியிட்டார்கள். முயற்பாலின் கொழுப்பு குட்டியின் வயிற்றில் ஜீரணமாகும்போது, கேப்ரிலிக், கேப்ரிக் என்னும் இரண்டு கொழுப்பமிலங்கள் பிரிந்து கிருமிகளை ஒடுக்குகின்றன என்பதே அவர்கள் கண்ட முடிவு. இது தாயின் பாலும் குட்டியின் ஜீரண நீரும் கூடினால்தான் நிகழும். மாட்டுப் பாலைப் புகட்டினால் இந்தக் காப்பு உண்டாவதில்லை. தாயற்ற குட்டிகளைப் புட்டிப்பாலில் வளர்ப்பது பெரும்பாலும் தோல்வியில் முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பால் உள்ளவரையில்தான் அந்தக் காப்பு. வளர்ந்த முயலின் இரைப்பையோ வேறொரு முறையால் தன்னைக் காத்துக்கொள்கிறது: அதன் அமிலம் அவ்வளவு கடுமையானது, விழுங்கிய கிருமிகளில் பெரும்பாலானவை அதைத் தாண்டிக் குடலை எட்டுவதில்லை. குட்டியின் இரைப்பைக்கு இந்தக் கடுமை பிறப்போடு வருவதில்லை. பால்குடிப் பருவத்தில் அதன் அமிலத்தன்மை மிக மென்மையாக இருந்து, திட உணவு மிகுந்த பிறகே படிப்படியாக உறைக்கத் தொடங்குகிறது. ஆகவே, பால் தந்த காவல் நீங்கி அமிலத்தின் காவல் வந்து சேராத ஓர் இடைவெளி, நாலாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் நடுவே, ஒவ்வொரு குட்டிக்கும் உண்டாகிறது. மாவுப் பொருளைக் கரைக்கும் கணையநீரும் இந்த வாரங்களில் அரைகுறையாகவே சுரக்கிறது. பால்மறப்புக் காலத்து நோய்கள் அனைத்தும், கிருமி எதுவாயினும், இந்த இடைவெளியின் வழியாகவே உள்ளே நுழைகின்றன என்பது என் துணிபு; கீழே சொல்லப்போகும் சர்ச்சைகளில் ஒவ்வொரு கட்சியும் இதன் ஒரு பகுதியை மட்டும் பார்த்துப் பேசுகிறதென்றே எனக்குத் தோன்றுகிறது.

முயலின் பெருங்குடல்வாயைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் ஒரு பெரிய பை தொங்குகிறது. ஜீரண உறுப்புகளின் மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அதற்கே உரியது. சிறுகுடலில் கரையாத நார் அங்கே தங்கி, இட்லி மாவு பானையில் புளிப்பதுபோல நுண்ணுயிர்களால் புளித்து, பிராணிக்கு வேண்டிய சக்தியில் ஒரு பங்கைத் தருகிறது. புளித்த அந்தப் பொருளே மெல்லிய உறையிட்ட மிருதுவான உருண்டைகளாக வெளிவர, முயல் அவற்றை ஆசனத்திலிருந்து நேராக வாயால் வாங்கி விழுங்கிவிடுகிறது. பிரெஞ்சுக்காரரான மோரோ 1882 இல் இதை விவரித்தபோது அருவருப்பான பழக்கமொன்றாகக் கருதியவர்களும் இருந்தார்கள். மாடு அசைபோடுவதற்குச் சமமான ஏற்பாடு அது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. குட்டி இதைத் தொடங்குவது திட உணவு பழகிய மூன்று நாலு வாரங்களில்தான். அதற்கு முன்பே, முதல் வாரத்திலிருந்து, தாய் பாலூட்ட வரும்போதெல்லாம் கூட்டுக்குள் சில புழுக்கைகளை விட்டுச் செல்வதும், குட்டிகள் அவற்றைக் கடித்துத் தின்பதும் உண்டு. தன் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களைத் தாய் இவ்வாறு வாரிசுரிமையாகத் தருகிறாளென்றும், அதைத் தடுத்தால் குட்டியின் குடலில் நுண்ணுயிர்த் தொகுதி நிலைபெறத் தாமதமாகிப் பின்னர் சாவும் கூடுகிறதென்றும் பிரான்சில் நடந்த அண்மைக்காலச் சோதனைகள் காட்டுகின்றன. சுத்தம் என்ற பெயரில் ஈனும் பெட்டியை நாள்தோறும் துடைத்தெடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. ஈரமான படுக்கையை மாற்றுவது அவசியம். உலர்ந்த நாரில் கிடக்கும் நாலைந்து புழுக்கைகளைத் தேடிப் பொறுக்குவது அனாவசியம்.

நோய்க் காரணிகளில் மிகப் பழைய சரித்திரம் உடையது ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா. 1674 ஆம் ஆண்டிலேயே ஹாலந்தின் லீவன்ஹூக், முயலின் பித்தநீரைத் தம் கண்ணாடியின் கீழ் வைத்து முட்டை வடிவமான துகள்களைக் கண்டு எழுதிவைத்தார். அவை ஈரலைத் தாக்கும் எய்மீரியா ஸ்டீடேயின் முட்டைகள் என்று இன்று கருதப்படுகின்றன. முயலுக்குரிய இவ்வினங்கள் பதினொன்று. ஈரலைத் தாக்குவது அவற்றில் ஒன்றே. மற்றவை குடலில் வாழ்கின்றன. எல்லாம் ஒரே கொடுமை வாய்ந்தவையல்ல. சில இருப்பதே தெரியாமல் இருந்துவிட்டுப் போகும், எய்மீரியா இன்டெஸ்டினாலிஸும் ஃபிளாவசென்ஸும் மட்டும் இளங்குட்டிகளைக் கூட்டமாக வீழ்த்தும். நல்ல உடல்நிலையிலுள்ள தாய் தன்னிடம் நோய்க்குறி யாதும் காட்டாமலே இவற்றைப் புழுக்கையில் வெளியேற்றிக்கொண்டிருப்பாள். வெளிவந்த முட்டை உடனே தொற்றாது என்பதுதான் வளர்ப்பவருக்கு வாய்த்த ஒரே அனுகூலம்: ஈரமும் காற்றும் வெப்பமும் கூடி இரண்டு மூன்று நாள் பக்குவமானால்தான் அது தொற்றும் சக்தி பெறுகிறது. கம்பிவலைத் தரை இந்நோயை ஒடுக்கியதற்கு இதுவே விளக்கம். பக்குவமாகுமுன் புழுக்கை கீழே விழுந்துவிடுகிறது. சாதாரணக் கிருமிநாசினிகள் இம்முட்டைகளை ஒன்றும் செய்வதில்லை. கொதிநீரும் தீச்சுவாலையும் வெயிலில் நன்கு காய்வதும் செய்யும். பினாயில் வாசனை கமழும் கொட்டகையிலும் குட்டிகள் கழிந்து சாகக் காணலாம்.

மருந்துகளைப் பொறுத்தமட்டில், சல்பா வகைகளும், டோல்ட்ராசூரிலும், தீவனத்தில் கலக்கும் ரோபெனிடின் முதலியவையும் பயன்படுகின்றன. அவை கிருமியின் பெருக்கத்தை நிறுத்துமே ஒழிய, ஏற்கெனவே உரிந்துபோன குடற்சவ்வை மீட்டுத் தருவதில்லை. ஆகையால் கழிச்சல் கண்ட குட்டிக்குத் தருவதைவிட, அதே ஈற்றில் இன்னும் நோய் காணாத குட்டிகளுக்கு வைத்தியர் யோசனைப்படி தருவதே பலனளிக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. கறிக்கோழித் தீவனத்தில் இதே நோய்க்காகச் சேர்க்கப்படும் நராசின், மதுராமைசின் போன்றவை கோழிக்கு மருந்து, முயலுக்கு விஷம். கோழித் தீவன மூட்டை எளிதில் கிடைக்கும் ஊர்களில், "எல்லாம் தானியந்தானே" என்று அதிலிருந்து ஒரு படி அள்ளிப் போடுவது ஒரு கொட்டகையையே காலி செய்யப் போதுமானது.

பாக்டீரியாக்களைப் பற்றிய வரலாறு இத்தனை தெளிவானதன்று. ஈ. கோலை வகைகளில் சில பால்மறந்த குட்டிகளைக் கொடிய கழிச்சலால் கொல்கின்றன. கிளாஸ்டிரிடியம் ஸ்பைரோஃபார்மி என்பது விஷத்தைச் சுரந்து ஓரிரு நாட்களில் முடித்துவிடுகிறது. இவற்றுக்கு மேலாக, 1996-97 இல் பிரான்சில் தோன்றி ஐரோப்பாவெங்கும் பரவிய ஒரு குடல்நோய், ஆறு முதல் எட்டு வாரக் குட்டிகளில் பெருஞ்சேதம் விளைத்தது; வயிறு நீர்க்குடம்போல் தளும்ப, கழிச்சலுக்குப் பதில் பசைபோன்ற சளி வெளியேற, குட்டி தண்ணீரையே தேடிக்கொண்டு சாகும் அந்நோயின் மூலக் கிருமி இன்னதென்று ஏகமனதான முடிவு இன்றும் ஏற்படவில்லை. இத்தகைய சந்தர்ப்பங்களில் கை தானாகவே ஆன்டிபயாடிக் புட்டியை நாடுகிறது. முயலிடம் அது இருமுனைக் கத்தி. ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லின்கோமைசின், கிளின்டாமைசின் ஆகியவற்றை வாய்வழியே கொடுத்தால், அவை குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, எந்தக் கிளாஸ்டிரிடியத்துக்குப் பயந்தோமோ அதற்கே இடம் ஒழித்துத் தருகின்றன. மனிதக் குழந்தைக்கு வாங்கிய மருந்துப் புட்டியில் மிஞ்சியதைக் குட்டிக்குப் புகட்டுவது கருணையால் செய்யும் கொலை. ஐரோப்பாவில் தீவனத்தோடு மருந்து கலந்து பண்ணை முழுவதற்கும் முன்கூட்டியே ஊட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது; 2022 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் அவ்வழக்கத்துக்குச் சட்டத்தால் முற்றுப்புள்ளி வைத்தபின், தீவனத்தின் பக்கம் கவனத்தைத் திருப்பியே தீரவேண்டியதாயிற்று.

அந்தப் பக்கம் முன்னரே திரும்பியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் சீக்கும் பேட்டனும் 1980 இல் ஒரு கொள்கையை வெளியிட்டார்கள்: தானியம் மிகுந்த தீவனத்தைத் தின்னும் இளங்குட்டி அதிலுள்ள மாவுச்சத்து முழுவதையும் சிறுகுடலில் கரைக்க வலுவில்லாமல் மிச்சத்தைப் பின்குடலுக்கு அனுப்ப, அங்கே அது தீய கிருமிகளுக்கு விருந்தாகிறது என்பது அதன் சாரம். எளிமையும் அழகும் வாய்ந்த இக்கொள்கை பல ஆண்டுகள் மறுப்பின்றி ஏற்கப்பட்டது. பிரான்சின் தூலூஸ் நகரத்தில் ஜிதென் முதலிய ஆராய்ச்சியாளர்கள் மாவையும் நாரையும் தனித்தனியே கூட்டியும் குறைத்தும் சோதித்தபோது, மாவின் குற்றம் எதிர்பார்த்த அளவுக்கு உறுதிப்படவில்லை. நார் குறைவதன் தீமையோ ஐயமின்றி வெளிப்பட்டது. நார் குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகி, உண்ட பொருள் பையில் நெடுநேரம் தேங்கிக் கெடுகிறது. நடைமுறையில் இரு கட்சிக்கும் வித்தியாசம் சொற்பமே. மாவைக் குறைத்த இடத்தில் நாரும், நாரைக் கூட்டிய இடத்தில் மாவுக் குறைவும் தாமே ஏற்படுகின்றன. ஆயினும் பிரெஞ்சுக் கட்சியே எனக்கு ஏற்புடையது. ஏனெனில் அது எதைத் தவிர்க்க வேண்டும் என்பதோடு நில்லாமல் எதைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பால்மறந்த குட்டியின் தீவனத்தில் கச்சா நார் 14 முதல் 16 சதவீதம் இருப்பது நலம். அதிலும் ஒரு பகுதி நைசாக அரைபடாத, நீண்ட நாராக இருக்க வேண்டும்.

அதே ஆராய்ச்சிக் கூட்டத்தாரின் மற்றொரு முடிவு வளர்ப்பவரின் இயல்பான பாசத்துக்கு நேர் எதிரானது. பால்மறந்த குட்டிக்கு வயிறார இட வேண்டாம். அது தானாக உண்ணும் அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, இரண்டு மூன்று வாரம் அளவாக இடுக, சாவு கணிசமாகக் குறையும் என்கிறார்கள். அந்த நாட்களில் வளர்ச்சி சற்றுப் பின்தங்கும். பிறகு முழுத்தீவனம் கிடைத்ததும் பெரும்பகுதியை எட்டிப் பிடித்துவிடும். கிலோ கறிக்குச் செலவாகும் தீவனமும் குறையும். பிரெஞ்சுப் பண்ணைகளில் இது இன்று சகஜமான முறை.

பிரிக்கும் வயதைக் குறித்த சர்ச்சையை நீட்ட வேண்டியதில்லை. தாயிடமிருந்து நோய்த் தொற்றுவதைத் தவிர்க்கலாமென்றும், தாயை விரைவில் அடுத்த ஈற்றுக்குத் தேற்றலாமென்றும் கருதி, 21 முதல் 25 நாட்களிலேயே பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு. குட்டிகளின் வளர்ச்சி குன்றியதால் அம்முறை வேரூன்றவில்லை. வணிகப் பண்ணைகள் 28 முதல் 35 நாட்களுக்குள் பிரிக்கின்றன. நம் நாட்டில் 42 நாள்வரையும் விடுகிறார்கள். வெயில் கடுமையான சமவெளியில், ஐந்து வாரத்துக்குக் குறையாமல் விடுவதே உசிதமென்பேன். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் தாய் தீவனத்தைக் குறைத்துக்கொள்கிறது, பால் சுருங்குகிறது, குட்டிகள் பசியால் முன்கூட்டியே தீவனத்தில் வாய் வைக்கின்றன. காலண்டரில் ஒரே வயதுடைய குட்டிகள், மலையில் ஒருவிதமாகவும் மதுரையில் வேறுவிதமாகவும் இருக்கும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படும் வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா இனங்களை வாங்கிவந்து கீழே வளர்ப்பவர்கள், நாட்கணக்கை மட்டும் அல்லாமல் குட்டியின் எடையையும் பார்த்துப் பிரிப்பது நல்லது. ஒரே ஈற்றில் சிறுத்துப்போன ஒன்றிரண்டைத் தாயோடு இன்னொரு வாரம் விட்டுவைப்பதில் நஷ்டமொன்றும் இல்லை.

தீவன விஷயத்தில் நம்மவர்க்கு உள்ள செல்வம் பசுந்தழை. வேலிமசால், குதிரைமசால், முயல்மசால், அகத்தி, கல்யாணமுருங்கை, அருகு என்று குறைவில்லை; சூபாபுல் மட்டும் மிமோசின் என்ற நச்சுப் பொருளுக்காக அளவோடு. காய்ந்த கடலைக்கொடியும் உளுந்தம்பொட்டும் துவரம்பொட்டும் நாருக்கு மிகச் சிறந்தவை. தவறு நேர்வது வேறிடத்தில். வீட்டில் மிஞ்சிய சோறும், கேழ்வரகுக் களியும், கடைத்தெருவில் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலையும் குட்டிக்கு விருந்தாக வைக்கப்படுகின்றன; இவற்றில் மாவோ தண்ணீரோ மிகுதி, நார் சொற்பம். மழைக்காலத்தில் குட்டிகள் அதிகம் கழிவதற்கு நனைந்த புல்லே காரணமென்பது பரவலான நம்பிக்கை. அதில் பாதி உண்மையுண்டு. ஈரத்தில் காக்சிடியா முட்டைகள் விரைவில் பக்குவமாகின்றன. அடர்தீவனம் பூஞ்சை பிடிக்கிறது. கோடையில் காய்ந்ததைத் தின்ற குடலுக்குத் தளிர்ப்புல் திடீரென்று மலையாகக் குவிகிறது. ஒருநாள் வாடவிட்டு, பழைய தீவனத்தோடு சிறிது சிறிதாகக் கூட்டிக்கொடுத்தால், மழைக்காலத்துப் புல்லும் ஒத்துக்கொள்ளும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்குக்கு மட்டும் மன்னிப்பு இல்லை. அதிலுள்ள அஃப்லடாக்சினுக்கு முயலைப்போல் எளிதில் இரையாகும் பிராணிகள் சிலவே. தயிரும் மோரும் குடலுக்கு நல்லதென்று புகட்டுவோர் இருக்கிறார்கள். தயிரில் வளரும் லாக்டோபாசில்லஸ் முயலின் குடலில் குடியிருப்பவையல்ல. நன்மை அதிகமாய் எதிர்பார்க்க இடமில்லை.

இனி, பிரிக்கும் விதம். குட்டிகளைத் தூக்கிப் புதுக் கூண்டில் விடுவதே பெரும்பாலோர் வழக்கம். அன்றைக்கே தீவனமும் மாறுகிறது. தண்ணீர் தரும் கிண்ணத்துக்குப் பதில் உயரத்தில் ஒரு நிப்பிள் வந்துவிடுகிறது. ஆண் பெண் பிரித்துப் புதிய குட்டிகளோடு கலக்கவும் படுகிறது. பால் நின்றுபோன அதே நாளில் இத்தனை மாற்றங்களையும் சுமத்துவதைவிட, குட்டிகளை அவை பிறந்து வளர்ந்த கூண்டிலேயே விட்டுவிட்டு, தாயை மட்டும் வேறிடத்துக்குக் கொண்டுபோவது மேல். மூன்றாவது வாரத்திலிருந்து அவை தாயோடு சேர்ந்து தின்று பழகிய அதே தீவனத்தையே, பத்துப் பதினைந்து நாள் குறைந்த அளவில், முயல் விரும்பி உண்ணும் அந்தி வேளையில் இடலாம். காய்ந்த கொடியை மட்டும் எந்நேரமும் கூண்டில் வைத்திருக்கலாம். தண்ணீர்க் குழாய் குட்டியின் வாய்க்கு எட்டுகிறதா என்பதைத் தாயைப் பிரிப்பதற்கு முன்னரே பார்த்துவிட வேண்டும். தண்ணீர் கிட்டாத முயல் தீவனத்தையும் தொடாது. ஆண் பெண் பிரிப்பதையும் அடையாளமிடுவதையும் பின்னொரு வாரத்துக்கு ஒத்திவைத்தால் கேடொன்றும் விளையாது.

புதிதாக முயல் வாங்குவோர் இவ்வளவையும் தெரிந்துகொண்டும் ஏமாறுகிற ஓர் இடம் உண்டு. விற்பவருக்குத் தீவனச் செலவு மிச்சமாகும் என்பதாலும், வாங்குபவருக்குச் சின்னக் குட்டியின் மேல் ஆசை என்பதாலும், தாயைப் பிரித்த அன்றோ மறுநாளோ விற்பனை நடந்துவிடுகிறது. அட்டைப்பெட்டியில் அடைபட்டு, பஸ்ஸின் சூட்டில் நாலைந்து மணி நேரம் குலுங்கி, முன்பின் அறியாத தழையைத் தின்னத் தரப்பட்ட குட்டி மூன்றாம் நாள் கழிந்து செத்தால், விற்றவர் வாங்கியவரையும் வாங்கியவர் விற்றவரையும் குறைகூறிக்கொள்கிறார்கள். எட்டு வாரம் நிரம்பிய குட்டியாகக் கேட்டு வாங்குவதும், விலையோடு அது தின்றுகொண்டிருந்த தீவனத்தில் இரண்டு கிலோவையும் சேர்த்து வாங்கிவந்து, அதைப் புதுத் தீவனத்தோடு நாளுக்கு நாள் விகிதம் மாற்றிக் கலந்து ஒரு வாரத்தில் தீர்ப்பதும், சண்டைக்கு இடமில்லாத ஏற்பாடு.